நானூற்றுப் பன்னிரண்டு விமர்சனங்கள்

ஹார்லன் கிரெப்ஸ் கார் ஏற்றி அனுப்பும் இணையதளம் ஒன்றில் தன் கைப்பேசி எண்ணை நிரப்பி 'விலை கேள்' என்ற பொத்தானை அழுத்தினார். அந்த நிமிஷமே அவரைச் சனி பிடித்தது. விரலை எடுப்பதற்குள் முதல் அழைப்பு. காபி ஆறுவதற்குள் பதினேழு. ஒஹையோவிலிருந்து அரிசோனாவுக்கு ஒரு காரைக் கொண்டுபோக இந்த நாட்டில் இத்தனை பேர் துடித்துக்கொண்டிருப்பது அவருக்கு அதுவரை தெரியாது.

அது சும்மா ஒரு கார் இல்லை. மனைவி நடீனின் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்பதை நிறுத்தி ஆறு வருடம் ஆகிறது. பிரேக்கையும் வேகத்தையும் கையாலேயே இயக்க நெம்புகோல் பொருத்திய கார் அது. அது இருந்தால் கடைக்குப் போவாள், சர்ச்சுக்குப் போவாள், புருஷன் தொல்லை தாங்காத நாளில் ஆற்றங்கரைக்கும் போவாள். இல்லாவிட்டால் சன்னலோரம்தான். அரிசோனாவின் டூசான் நகரில் மகள் வீட்டுக்குப் பக்கத்தில் புது வீடு, வியாழக்கிழமை விமானம். அதற்குள் கார் கிளம்பியாக வேண்டும்.

"எதிர்வீட்டு டுவேன் கார் ஏத்துற லாரிதானே ஓட்டறான்? அவன்கிட்ட ஒரு வார்த்தை கேளேன்" என்று நடீன் முதல் நாளே சொன்னாள்.

"அவனா? தெருவோட மானத்தை வாங்கினவன்கிட்ட என்னைப் போய் நிக்கச் சொல்றியா?"

ஹார்லன் குடியிருப்போர் சங்கத்தின் விதிமுறைக் குழுத் தலைவர். யார் வீட்டு வாசலிலாவது புல் நாலு விரல் வளர்ந்தால் நோட்டீஸ் விடுகிற மகானுபாவர். மூன்று வருடத்துக்கு முன் அவர் எழுதிய புகாரால் பிறந்ததுதான் பதினாலாம் விதி: தெருவுக்குள் லாரி வரக் கூடாது. அன்றிலிருந்து டுவேன் ஒன்றரை மைல் தள்ளி சர்ச் மைதானத்தில் லாரியை விட்டுவிட்டு வீட்டுக்கு நடந்து வருகிறான்.

ஆக, ஹார்லன் ஆராய்ச்சியில் இறங்கினார். இருபத்தாறு கம்பெனிகள், நானூற்றுப் பன்னிரண்டு விமர்சனங்கள். கம்பெனிகளில் பாதிக்குப் பெயரிலேயே கழுகு இருந்தது. ஐந்து நட்சத்திரம் கொடுத்தவர்கள் எல்லாரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் போல ஒரே வாக்கியத்தை எழுதியிருந்தார்கள். ஒற்றை நட்சத்திரக்காரர்களோ எழுத்திலேயே கத்தினார்கள். ஹார்லன் மூன்று நட்சத்திரத்தை மட்டும் நம்பினார். அட்டவணை போட்டு, வண்ணம் தீட்டி, மூன்று வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு, பெயரிலேயே நேர்மையை வைத்திருந்த ஒரு கம்பெனியைப் பிடித்தார். விலையும் எல்லாரையும்விடக் குறைவு.

"சொந்த லாரிதானே?" என்று கேட்டார்.

"எங்க சொந்த லாரி மாதிரிதான் சார், கவலையே படாதீங்க" என்றான் அந்தக் கம்பெனியின் டிரெவர். குரலில் தேன் வழிந்தது.

திங்கட்கிழமை வர வேண்டிய லாரி வரவில்லை. செவ்வாய்க்கிழமை டிரெவரே கூப்பிட்டான். டயர் என்றான், புயல் என்றான், இன்னும் அறுநூறு டாலர் போட்டால் பார்க்கலாம் என்றான். நடீன் கைப்பேசியைப் பிடுங்கினாள்.

"தம்பி, உங்ககிட்ட லாரி இருக்கா, இல்லையா?"

"லாரி இல்ல மேடம். நாங்க தரகருங்க. கம்ப்யூட்டர்ல ஒரு பொதுப்பலகை இருக்கு, அதுல போடுவோம். எந்த டிரைவராவது எடுத்துக்குவார்."

"மத்த கம்பெனிங்க?"

"எல்லாருக்கும் அதே பலகைதான் மேடம்."

"எங்க காரை யாராச்சும் எடுத்தாங்களா?"

"அந்த விலைக்கு எவன் எடுப்பான்?" பாவம், வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டான்.

நடீன் கைப்பேசியை மேசைமேல் வைத்தாள். வழக்கமாகக் கேலி செய்கிறவள், இப்போது கேலி செய்யவில்லை.

"கால் போச்சு, தாங்கிக்கிட்டேன் ஹார்லன். அந்த ஊருக்குக் கூட்டிட்டுப் போய் என்னைச் சன்னலோரம் உட்கார வச்சுடாதே."

ஹார்லன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். நாற்பது அடித் தெரு அன்று முடிகிற பாடாக இல்லை. டுவேன் முற்றத்தில் இறைச்சி வாட்டிக்கொண்டிருந்தான்.

"டுவேன், ஒரு கார்..."

"தெரியும் சார். மூணு வாரமாப் பலகையில பார்த்துட்டுத்தானே இருக்கேன். அதே கார், அதே நெம்புகோல். ஆறு கம்பெனி, ஆறு விலை. நல்லா சிரிச்சேன்."

"சொல்லியிருக்கலாமே!"

"நீங்க கேக்கலையே. என் நம்பர் உங்க ஃப்ரிட்ஜ் கதவுல இருக்கு, நடீன் அக்கா ஒட்டினது. போன குளிர்காலம் நெம்புகோல் இறுகிப்போனப்ப யாரு வந்து சரி பண்ணதுன்னு நினைச்சீங்க?"

ஹார்லன் அதை நினைத்தே பார்த்ததில்லை.

"நாளைக்கு மேற்கே போறேன். அக்கா காருக்கு ஒரு இடம் விட்டு வச்சிருக்கேன்" என்றான் டுவேன்.

அத்தோடு வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். பழக்கதோஷம் விடவில்லை. "உன்னைப் பத்தி விமர்சனம் ஏதாவது...?" என்று கேட்டே விட்டார்.

டுவேன் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய் மடித்த காகிதம் ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினான். "இது ஒண்ணுதான் சார் இருக்கு."

மூன்று வருடத்துக்கு முந்தைய புகார்க் கடிதம். 'பொறுப்பில்லாதவர், அண்டை அயலாரைப் பற்றி அக்கறையற்றவர்.' கீழே ஹார்லனின் கையெழுத்து.

மறுநாள் காலை, "லாரியை வாசலுக்கே கொண்டு வா, நான் பார்த்துக்கறேன்" என்றார் ஹார்லன்.

"பதினாலாம் விதி சார். நீங்க நாளைக்குப் போயிடுவீங்க, விதி இங்கேயேதான் இருக்கும்."

ஹார்லனைப் பக்கத்தில் உட்காரவைத்து நடீனே காரைச் சர்ச் மைதானத்துக்கு ஓட்டினாள். சாவியை டுவேன் கையில் வைத்து, அந்தக் கையை ஒரு நிமிடம் பிடித்துக்கொண்டாள். திரும்பும்போது டுவேனின் மனைவி தன் சின்னக் காரில் நடீனை ஏற்றிக்கொண்டாள். சக்கர நாற்காலியையும் ஏற்றியதில் மூன்றாமவருக்கு இடமில்லை. ஹார்லன் நடந்தார். வெயில், ஏற்றம், நடைபாதை கிடையாது. இதைத்தான் டுவேன் மூன்று வருடமாக நடக்கிறான்.

பாதி வழியில் கைப்பேசி அடித்தது.

"சார், உங்க காருக்கு ஒரு அருமையான விலை..."

"அனுப்பியாச்சு."

"எந்தக் கம்பெனி சார்?"

ஹார்லன் மூச்சு வாங்க நின்றார்.

"எதிர்வீடு" என்றார்.