குழலில் இருந்த தோட்டா

தேவதானத்துக்கு மேற்கே, மலையை ஒட்டி ஐந்து ஏக்கர் மாந்தோப்பு பாண்டிதுரைக்கு. இருபத்தாறு வருஷம் பட்டாளத்தில் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அதில் கடைசி ஒன்பது வருஷம், புதிதாகச் சேர்கிறவர்களுக்குத் துப்பாக்கியை எப்படிக் கையாள வேண்டும் என்று சொல்லிக் கொடுக்கிற வேலை. மனைவி வெங்கடேஸ்வரி போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. ஒரே மகன் லிங்கேஸ்வரனும் பட்டாளத்துக்கே போய்விட்டான். இப்போது அஸ்ஸாமில் இருக்கிறான். தோப்பு வீட்டில் அவர் ஒருத்தர்தான்.

பயிர்ப் பாதுகாப்புக்கென்று லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று அவரிடம் இருந்தது. மாமரங்களுக்கு நடுவே கடலை போட்டிருந்தார். காட்டுப்பன்றிகள் வந்தால் வானத்தைப் பார்த்து ஒரு வெடி. அவ்வளவுதான். ஒரு பன்றியைக்கூட அவர் சுட்டதில்லை. சுடவும் கூடாது, வனத்துறைக்காரர்கள் வந்துவிடுவார்கள்.

சட்டசபைத் தேர்தல் தேதி அறிவித்த மறுநாள் போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது.

"லைசென்ஸ் துப்பாக்கி எல்லாத்தையும் ஒரு வாரத்துக்குள்ள கொண்டாந்து ஒப்படைச்சிரணும். எலெக்‌ஷன் முடிஞ்ச பொறவு வாங்கிக்கிடலாம்."

அந்த வாரத்தில் அவருக்கு வந்த முதல் போன் அது. எதிர்முனையில் இருந்தவர் சொல்லி முடித்த பிறகும் பாண்டிதுரைக்கு வைக்க மனம் வரவில்லை. "வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். வேறு ஒன்றும் இல்லை.

மறுநாள் காலையில் தேய்த்த சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். அலமாரியைத் திறந்து, துப்பாக்கியை அதன் உறையோடு தூக்கிக்கொண்டு போய் ஜீப்பின் பின்பக்கத் தரையில் நீளவாக்கில் கிடத்தினார். மிச்சமிருந்த தோட்டாக்களை ஒரு தகர டப்பாவில் போட்டு, அதையும் லைசென்ஸ் புத்தகத்தையும் முன்சீட்டில் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டார்.

ஊருக்குள் வந்ததும் கருத்தம்மாள் கைகாட்டினாள். அவருடைய தோப்புக்கு மாங்காய் பறிக்க வருகிறவள். இடுப்பில் நாலு வயதுப் பெண்பிள்ளை.

"அய்யா, பிள்ளைக்கு ரெண்டு நாளா காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போணும். பஸ்ஸு போயிட்டு."

"ஏறிக்கோம்மா. நானும் அந்தப் பக்கந்தான் போறேன்."

பின்னால் ஏறி உட்கார்ந்துகொண்டாள். பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்ததில் பாண்டிதுரை வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். மழை எப்படி, பூ எப்படிப் பிடித்திருக்கிறது, மகன் இருக்கிற ஊரில் எம்புட்டுக் குளிர் என்று. அவள் ம், ம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். பள்ளத்தில் வண்டி இறங்கும்போதெல்லாம் உறை தரையில் உருண்டது. பிள்ளையின் மேல் இடிக்கக்கூடாது என்று அதைப் பாதத்தால் அமுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மெயின் ரோட்டில் ஏறுகிற இடத்தில் தேர்தல் பறக்கும் படை நின்றிருந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வஞ்சுளவல்லி, ஏட்டு பொன்னுராஜ், கூடவே வீடியோ எடுக்கிறவர் ஒருவர். வஞ்சுளவல்லிக்கு முப்பது வயதிருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி. பொன்னுராஜ் தேவதானத்துக்காரர், பாண்டிதுரையைத் தெரிந்தவர்.

பாண்டிதுரை இறங்கி நின்று தாமே சொன்னார்.

"துப்பாக்கி இருக்கும்மா. ஒப்படைக்கத்தான் கொண்டு போறேன். இந்தா லைசென்ஸ்."

வஞ்சுளவல்லி புத்தகத்தை வாங்கி, துப்பாக்கியின் நம்பரைப் படித்தாள்.

"குண்டு போட்டிருக்கா சார்?"

அவர் சிரித்தார். "நான் ஒன்பது வருஷம் இதச் சொல்லிக் குடுத்தவம்மா. வண்டியில ஏத்தும்போது குழல் காலியா இருக்கணும், உறைக்குள்ள இருக்கணும், தோட்டா தனியா இருக்கணும். இந்தா டப்பா."

"இருக்கட்டும் சார். நான் பாத்துருதேன்."

உறையை இறக்கி, ஜிப்பைத் திறந்து, குழல் வயக்காட்டைப் பார்த்திருக்கும்படி பிடித்துக்கொண்டு துப்பாக்கியை மடக்கித் திறந்தாள். உள்ளே பித்தளை மினுங்கியது. ஒரு தோட்டா.

வீடியோக்காரர் ஒரு அடி முன்னால் வந்தார். வஞ்சுளவல்லி தோட்டாவை வெளியே எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பாண்டிதுரையிடம் காட்டினாள்.

பாண்டிதுரை அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். தான் போட்டதாக நினைவே இல்லை. யாரோ போட்டிருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. ஆனால் அலமாரிச் சாவி அவர் அரைஞாண் கயிற்றில்தான் கிடக்கும். வீட்டுக்குள் வேறு யாரும் வந்து மாதக்கணக்காகிறது.

பொன்னுராஜ் வஞ்சுளவல்லியிடம் மெல்லச் சொன்னார். "மேடம், அவிய நல்ல மனுசர். ஒப்படைக்கத்தானே வாராக. தோட்டாவ டப்பாவுல போட்டுட்டு அனுப்பிருவமா?"

அவள் ஜீப்பின் பின்பக்கம் போனாள். கருத்தம்மாள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கியிருந்தாள்.

"இது எந்தப் பக்கம் பாத்துக் கிடந்துச்சும்மா?"

கருத்தம்மாள் கையால் காட்டினாள். குழலின் வாய் இருந்த பக்கத்தில்தான் பிள்ளை உட்கார்ந்து வந்திருக்கிறது. "உருண்டுச்சுன்னு நான்தான் கால வச்சு அமுக்கிக்கிட்டு வந்தேன்" என்றாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே புரிந்தது. பிள்ளையின் தலையை அள்ளித் தன் தோளில் சேர்த்துக்கொண்டாள்.

வஞ்சுளவல்லி திரும்பி வந்தாள்.

"சார், நீங்க பொய் சொல்லலன்னு எனக்குத் தெரியுது. ஆனா இத நான் விட முடியாது. வீடியோ இருக்குன்னு சொல்லல. வீடியோ இல்லாட்டியும் விடமாட்டேன்."

"விடக்கூடாதும்மா" என்றார் பாண்டிதுரை. "நானா இருந்தாலும் விடமாட்டேன்."

பின்னால் ஒரு பஸ் வந்து நின்றது. கருத்தம்மாள் அவரிடம் ஒன்றும் சொல்லாமல் அதில் ஏறிப் போனாள். திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

ஸ்டேஷனில் வஞ்சுளவல்லி எதிரே உட்கார்ந்து வாக்குமூலம் எழுதினாள்.

"எப்ப சார் லோடு பண்ணீங்க?"

ராத்திரி பன்றி வந்தது, போட்டு வைத்தேன், அவசரத்தில் எடுக்க மறந்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். எவரும் நம்புவார்கள். அப்படி மறக்கிறவர்கள் ஊரில் நிறையப் பேர். பாண்டிதுரை அதைச் சொல்ல வாயைத் திறந்தார். மேசை மேல் மடங்கிக் கிடந்த துப்பாக்கியைப் பார்த்ததும் அந்தப் பொய் வரவில்லை.

"தெரியலம்மா."

"பன்னி எதுவும் வந்துச்சா?"

"வந்துச்சான்னே தெரியல. போட்டது ஞாபகம் இல்ல. திறந்து பாக்காம உறையில வச்சதும் ஞாபகம் இல்ல. அலமாரியத் தொறந்தது ஞாபகம் இருக்கு. பொறவு ஜீப்ல வச்சது ஞாபகம் இருக்கு."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "இதுமாதிரி வேற எதுவும் மறந்திருக்கீங்களா?"

யோசித்தார். இரண்டு மாதம் முன்னால் கடலைக்காட்டு மோட்டாரை அணைக்காமல் விட்டு, தண்ணீர் பாதைவரை ஓடி வந்திருந்தது. கரண்ட் போய் வந்ததில் தானாக ஓடியிருக்கும் என்று அன்று நினைத்துக்கொண்டார். போன மாதம் ராஜபாளையம் கடைவீதிக்குப் போய்விட்டு, எதற்கு வந்தோம் என்று தெரியாமல் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தார். வயசு என்று நினைத்துக்கொண்டார். வீட்டில் இன்னொருத்தர் இருந்திருந்தால், என்ன இது என்று கேட்டிருப்பார்கள்.

"இருக்கும்மா" என்றார்.

"வீட்ல யாரு சார் இருக்கா?"

"நான் இருக்கேன்."

அவள் தலையைக் குனிந்துகொண்டு மீதியை எழுதினாள். கையெழுத்து வாங்கிவிட்டுச் சொன்னாள். "லைசென்ஸ் நிபந்தனைய மீறுனதா கேசு. ஜாமீன்ல இங்கயிருந்தே போயிரலாம். உங்களுக்காக ஒரு ஆள் வந்து கையெழுத்துப் போடணும். யாரையாவது வரச் சொல்லுங்க."

பாண்டிதுரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்து போனை எடுத்தார். பெயர்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தார். கூடப் பட்டாளத்தில் இருந்தவர்கள் இருந்தார்கள். ஒருவர் ஹரியானாவில், ஒருவர் கேரளாவில், இரண்டு பேர் உயிரோடு இல்லை. கேஸ் ஏஜென்சி. மோட்டார் காயில் கட்டுகிறவர். மனைவியின் நம்பர் இன்னும் இருந்தது. தம்பி முறையில் ஒருவன் தேவதானத்திலேயே இருந்தான், வெங்கடேஸ்வரியின் பதினாறாம் நாளுக்குப் பிறகு அவனோடு பேச்சில்லை. ஏன் இல்லை என்று யோசித்தால், சண்டை ஒன்றும் கிடையாது. போகவில்லை, வரவில்லை, அவ்வளவுதான்.

பொன்னுராஜ் வந்து பக்கத்தில் நின்றார். "அண்ணாச்சி, போலீஸ்காரன் நான் கையெழுத்துப் போடக்கூடாது. இல்லாட்டி போட்டுருவேன்."

"தெரியும்யா."

கடைசியில் உரக்கடை ஜெயபாண்டிக்குப் போன் செய்தார். வருஷத்துக்கு நாலைந்து தடவை உரம் வாங்குகிற கடை. ஜெயபாண்டி முக்கால் மணி நேரத்தில் ஸ்கூட்டரில் வந்தார். என்ன, ஏது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆதார் அட்டையைக் காட்டினார், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டார்.

"கடையில ஆளில்ல, வாரேன்" என்று கிளம்பியவர் படியில் நின்று திரும்பினார். "பையன்ட்ட சொல்லிட்டீங்களா?"

"சொல்லணும்" என்றார் பாண்டிதுரை.

ஜீப்பை அவர்கள் பிடித்து வைக்கவில்லை. அவர்தான் சாவியைப் பொன்னுராஜிடம் கொடுத்து, பொறவு யாரையாவது விட்டு எடுத்துக்கிடுதேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினார்.

அடுத்த வாரம் ராஜபாளையத்தில் ஒரு டாக்டரைப் பார்த்தார். இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறையுங்கள், கடிகாரம் ஒன்று வரையுங்கள் என்றெல்லாம் கேட்டார்கள். எல்லாவற்றையும் கவனமாகச் செய்தார். டாக்டர் காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கதவுப் பக்கம் பார்த்தார்.

"கூட யாரு வந்திருக்காங்க?"

"யாரும் வரல சார்."

"வீட்டு ஆள்ட்ட கொஞ்சம் பேசணுமே. உங்களுக்கு என்னென்ன மறக்குதுன்னு உங்கள்ட்டயே கேட்டா எப்படி?"

ஸ்கேன் எடுக்கச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மறதி நோய், ஆரம்ப நிலைதான், பயப்பட வேண்டாம், ஆனால் தனியாக இருக்கக்கூடாது என்றார்கள்.

கோர்ட்டில் குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டினார். லைசென்ஸை ரத்து செய்யச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து எழுதுவதற்கு முன்பே, எனக்கு இனி வேண்டாம் என்று கலெக்டருக்கு அவரே எழுதிப் போட்டார். கடிதத்தின் நகலைக் கொடுக்கப் போனபோது வஞ்சுளவல்லி எழுந்து நின்று வாங்கிக்கொண்டாள்.

"டாக்டரப் பாத்தீங்களா சார்?"

"பாத்தேன்மா. அன்னைக்கு நீ திறந்து பாக்கலன்னா நான் போயிருக்க மாட்டேன்."

"சாப்பிட்டீங்களா?" என்றாள். சாப்பிட்டேன் என்றார். சாப்பிட்டிருந்தாரா என்பது அவருக்கே உறுதியாகத் தெரியவில்லை.

கருத்தம்மாள் அந்த வருஷம் மாங்காய் பறிக்க வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் சரியாகிவிட்டது என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டது அவர் காதில் விழுந்தது.

மகனுக்கு மட்டும் இன்னும் சொல்லாமல் இருந்தார். துப்பாக்கியில் குண்டோடு பிடிபட்டேன் என்று ஒரு பட்டாளத்துக்காரனிடம் எப்படிச் சொல்வது. சித்திரை பிறந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், சட்டை போட்டுக்கொண்டு, மாமரத்தடியில் நின்று போன் செய்தார். முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். ஸ்டேஷன் போன், கருத்தம்மாள், உள்ளே மினுங்கிய பித்தளை, டாக்டர் கேட்ட கேள்வி. லிங்கேஸ்வரன் குறுக்கே பேசவே இல்லை. "அப்படியாப்பா" என்றான். "பொறவு?" என்றான். முடிவில், "நீங்க பொய் சொல்லாம இருந்தீங்களே, அது பெருசுப்பா. லீவு எழுதிக் குடுத்திருக்கேன். இருபதாம் தேதி வாரேன். வந்து முடிவு பண்ணுவோம்" என்றான்.

போனை வைத்தபோது உடம்பு லேசானதுபோல் இருந்தது. எவ்வளவு நேரம் பேசினோம் என்று பார்க்கத் திரையைத் தொட்டார். இருபத்தெட்டு நிமிஷம். அதற்குக் கீழே, அதே பெயர், முந்தின நாள் சாயங்காலம், முப்பத்தோரு நிமிஷம்.

நேற்று பேசியது அவருக்கு நினைவில்லை. என்ன பேசியிருப்போம் என்று யோசிக்கவும் வேண்டியிருக்கவில்லை. ஒரே நாளில் லீவு எழுதிக் கொடுக்க அவனுக்கு வேறு என்ன காரணம் இருக்கும்.

நேற்றே சொன்னீர்கள் என்று அவன் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அத்தனை தூரத்தில் உட்கார்ந்து, முழுவதையும் புதிதாகக் கேட்பதுபோல் மறுபடியும் கேட்டிருக்கிறான்.

பாண்டிதுரை போனைச் சட்டைப் பையில் போட்டார். மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிற சத்தம் கேட்டது. அதைத் தான் எப்போது போட்டோம் என்று தெரியவில்லை. போய் அணைத்தார்.