இருவர் சேர்ந்து நூற்று இருபத்தாறு கிலோ

நூம்பலில் குடியிருக்கும் ராபியாவும் அவள் கணவன் அர்ஷத்தும் நிக்காஹ் முடிந்த நாளிலிருந்து ஒரே எடை. அதற்கு முன்னால் அவன் எழுபத்து நான்கு கிலோ, அவள் ஐம்பத்திரண்டு. மறுநாள் காலை ஆளுக்கு அறுபத்து மூன்று. உடம்பு பார்க்க அப்படியேதான் இருந்தது. அவன் சட்டை தொளதொளக்கவில்லை, அவள் வளையல் இறுகவில்லை. எங்காவது விருந்தில் அவன் இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டால் அதில் பாதி வீட்டிலிருந்த அவளிடம் ஏறும், மறுநாள் இறங்கிவிடும்.

இது இவ்வளவு துல்லியமாகத் தெரிந்ததற்குக் காரணம், ராபியா அம்பத்தூர் எஸ்டேட்டில் எலெக்ட்ரானிக் தராசு செய்யும் கம்பெனியில் அளவு சரிபார்க்கிறவள். தராசு எப்படி எடை சொல்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் டீ ஆறுவதுகூடத் தெரியாமல் விளக்குவாள். தட்டுக்குக் கீழே ஓர் உலோகக் கட்டை இருக்கிறது. பாரம் ஏறினால் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அதன்மேல் ஒட்டிய மெல்லிய கம்பி அந்த வளைவில் இழுபட்டு, தன் வழியே போகும் மின்சாரத்தைக் கொஞ்சம் தடுக்கும். அந்தத் தடுப்புதான் நாம் பார்க்கும் எண். வீட்டிலும் ஒரு தராசு வைத்திருந்தாள். தினமும் காலையில் இருவரும் ஏறி இறங்குவார்கள்.

2023 ஜூன் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை ராபியா அறுபத்தாறு இருந்தாள், அர்ஷத் அறுபது. தராசுக்காரி என்பதால் அவள் தராசைத்தான் சந்தேகப்பட்டாள். கம்பெனியிலிருந்து எடைக்கற்களைக் கொண்டுவந்து மூன்று முறை சரிபார்த்தாள். பழுது இல்லை. அதற்குள் மூன்று வாரம் ஓடிவிட்டது. அவள் தொண்ணூற்றெட்டு, அவன் இருபத்தெட்டு. ஷேர் ஆட்டோ ஓட்டும் துலுக்கானம் வண்டியை நிறுத்திக் கேட்டார்: "இன்னா சிஸ்டர், பையில கல்லு கில்லு வச்சிகினு கீறியா? வண்டி ஒரே பக்கமா சாயுது." அர்ஷத்துக்குப் பூந்தமல்லியில் கார் சீட் குஷன் கடை. அவன் மின்விசிறியை நிறுத்திவிட்டு, மடியில் ரெக்சின் சுருளை வைத்துக்கொண்டு தைத்தான்.

அன்று சாயங்காலம் ராபியா இரண்டு எண்களையும் கூட்டினாள். நூற்று இருபத்தாறு. எதுவும் காணாமல் போகவில்லை, இடம்தான் மாறியிருக்கிறது.

"என் தலையில நீ இன்னா இறக்கி வச்சே?"

"ஒண்ணுமில்லியே," என்றான் அர்ஷத். அவன் கால் தரையை விட்டு ஒரு விரற்கடை எழும்பியது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நடந்ததைச் சொன்னான்.

ஊர் ஊராகப் போய் லாரி எடைமேடைகளைச் சரிபார்த்துச் சான்று எழுதும் வேலைக்கு ராபியா எட்டு வருஷமாகக் காத்திருந்தாள். அந்தக் கம்பெனியில் பெண் யாரும் அதுவரை அதைச் செய்ததில்லை. மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த வேலையை அவளுக்குத் தருவதாகச் சொல்ல, சோதனை அறைக்குள் போன் கூடாது என்பதால், ஆபீஸிலிருந்து அவன் நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். அவளுக்கு வெளியூர் சரிப்படாது என்று அவனே பதில் சொல்லிவிட்டான்.

"நீ அலையக் கூடாதுன்னுதான். உன் நல்லதுக்குத்தான் சொன்னேன்."

"என் நல்லத எங்கிட்ட கேக்கணும்னு தோணலியா?"

அவன் அவசரமாகப் போனை எடுத்தான். "இரு, நானே பேசி சரி பண்ணிடறேன்." சொல்லி முடிப்பதற்குள் தலை, ஓடாமல் நின்ற மின்விசிறியின் இறக்கையில் இடித்தது.

"பாத்தியா," என்றாள் ராபியா. "மறுபடியும் நீயேவா?"

மேலே இருந்தபடி அர்ஷத் போனைச் சட்டைப் பையில் போட்டான். பிறகு, கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் கேட்காததைக் கேட்டான்: "நான் இன்னா செய்யட்டும், சொல்லு." கேட்ட மாத்திரத்தில் பொத்தென்று தரையில் விழுந்தான். முழங்கால் சிராய்த்தது.

"ஒண்ணும் செய்யாதே. நான் போய் பேசறேன்."

அந்த வேலைக்குச் சம்மதம் சொல்ல மறுநாள்தான் கடைசித் தேதி. மேலாளர் வரதன், "உங்க வீட்டுக்காரர் வேணாம்னு சொல்லிட்டாரேம்மா," என்றார்.

"அவர் குஷன் கடை வச்சிருக்காரு சார். குஷனப் பத்திக் கேளுங்க, நல்லா சொல்லுவாரு. எடைமேடையப் பத்தி என்னக் கேளுங்க."

வரதன் ஒரு மணி நேரம் கேட்டார். அவள் இரண்டு மணி நேரம் பதில் சொன்னாள். கடைசியில், "போறீங்களா?" என்று கேட்டார். "போறேன் சார்," என்றபோது அவள் உட்கார்ந்திருந்த நாற்காலி கிறீச்சிட்டு நிமிர்ந்தது. அதே நிமிஷம் பூந்தமல்லியில் அர்ஷத் உட்கார்ந்திருந்த முக்காலியின் ஒரு கால் ஒடிந்தது.

சேலம், நாமக்கல், ஓசூர் என்று இன்றைக்கு நாற்பத்தோரு எடைமேடைகளின் சான்றில் ராபியாவின் கையெழுத்து இருக்கிறது. அதில் ஒன்றின் நகலை அர்ஷத் கடையில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறான். சீட் தைக்க வருகிறவர்களுக்கு, கேட்டாலும் கேட்காவிட்டாலும், அறுபது டன் லாரியை ஒரு மேடை எப்படித் தாங்கி நிறுக்கிறது என்று விளக்குகிறான். பாதி தப்பாகச் சொல்கிறான். சான்று மாட்டிய வாரத்திலிருந்து இருவரும் ஆளுக்கு அறுபத்தைந்தரை கிலோ. கூடிய ஐந்து கிலோ எங்கிருந்து வந்தது என்பது தெரியவில்லை. பக்கத்து வீட்டுக் கன்னியம்மா, "பெருமையில ரெண்டு பேரும் ஊதிப்போய்க் கீறீங்க," என்றாள். ராபியா அதை ஏற்றுக்கொண்டு, அவர்கள் வீட்டுக் கணக்கு எப்படி என்று பார்க்க அவளையும் அவள் கணவனையும் தராசில் ஏறச் சொன்னாள்.