பன்னிரண்டாம் வார ஸ்கேன்

டெக்லன் கெட்டிலைப் போட்டான். இரண்டு கோப்பை எடுத்தான், ஒன்றைத் திரும்ப வைத்தான். ரொட்டியில் வெஜிமைட் தடவி நின்றபடியே தின்றான். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வண்டி வந்து எடுக்கும் மஞ்சள் மூடிக் குப்பைத்தொட்டியைத் தெருவோரம் உருட்டி வைத்துவிட்டு ட்ராம் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனான்.

எந்தப் புற்றுக்கட்டி எந்த மருந்துக்கு மசியும் என்று முன்கூட்டியே சொல்ல ஒரு கணினியைப் பழக்குவது அவன் வேலை. பன்னிரண்டாம் வார ஸ்கேனில் கட்டி பாதியாகியிருந்தால் மருந்து கேட்டது என்று அர்த்தம். அந்த விதியை எழுதியவன் அவன்தான்.

அவன் மனைவி இமோஜனுக்கு மருந்து கேட்கும் என்று கணினி அடித்துச் சொன்னது. கேட்டது. கட்டி பாதிக்கும் கீழே போனது. மருந்து தட்டியெழுப்பிய எதிர்ப்புச் சக்தி, கட்டியைத் தின்ற கையோடு அவள் நுரையீரலையும் தின்றது. ஸ்கேன் முடிந்த மறு வாரம் அடக்கம். கணினியின் கணக்கில் அவள் இன்னும் வெற்றிதான்.

பக்கத்து மேஜை வூலா, வீட்டில் சுட்ட கீரைப் பணியாரத்தை அவன் முன் தள்ளினாள்.

"தின்னுடா, எலும்பும் தோலுமா இருக்க. இன்னிக்கு அறிக்கையை முடிக்கிறோம். மருந்து கேட்டவங்க கணக்குலேர்ந்து இமோஜனை எடுத்துடட்டுமா?"

"விதிப்படி அவ இருக்கணும்."

"விதியைத் தூக்கிக் குப்பைல போடு."

தலைவர் ஃபெர்கஸ் வாசல் நிலையில் சாய்ந்து நின்றார்.

"டெக், நண்பா, தப்பா நினைக்காதே. வெளியீட்டு விழாவுல அவ படத்தைப் போட்டு ரெண்டு வரி பேசலாம்னு இருக்கேன். 'டெக்லனோட மெஷின் சரியாத்தான் சொல்லிச்சு'ன்னு கடைசியா சொன்னாளாமே?"

சொன்னாள்தான். ஸ்கேன் வந்த அன்று, சிரித்துக்கொண்டே.

"கணக்குல இருக்கட்டும். ஆனா பக்கத்துலயே செத்த தேதியையும் போடணும். அவளுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும். படம் வேண்டாம். அவ கடைசியா சொன்னதும் அது இல்ல."

"தேதியைப் போட்டா எவன்டா கை தட்டுவான்?"

"தட்ட வேண்டாம்."

ஃபெர்கஸ் தரையைப் பார்த்தார். "சரி, போட்டுடுவோம். அப்போ கடைசியா என்னதான் சொன்னா?"

தொண்டையில் குழாய் இறக்குவதற்கு முன் அவள் ஆக்ஸிஜன் முகமூடியை விலக்கிக்கொண்டு சொன்னதை, டெக்லன் அப்படியே சொன்னான்.

"நாளைக்கு மஞ்சள் மூடித் தொட்டி. போன தடவை மாதிரி மறந்து தொலைச்சிடாதே."