வானிலை அறிக்கை பெய்யும் வீடு

டிவியில் எந்த ஊருக்கு மழை என்று சொன்னாலும் அந்த மழை தனசேகரன் வீட்டிலும் பெய்துவிடும். தென்காசிக்குச் சொன்னாலும் சரி, தேனிக்குச் சொன்னாலும் சரி. பக்கத்து வீட்டு வாசலில் மிளகாய் காய்ந்துகொண்டிருக்கும். இவன் வீட்டில் ஈரப் பாயைச் சுருட்டிக்கொண்டிருப்பார்கள். நாலு வருஷமாக நடப்பதால் ஜவ்வாது மலையில் எங்கள் ஊர்க்காரர்கள் இதை இப்போது யாரிடமும் எடுத்துச் சொல்வதுகூட இல்லை. அறிக்கையில் என்ன சொன்னார்களோ அதன்படிதான் பெய்யும். பரவலாக மழை என்றால் வீடு முழுக்க. ஓரிரு இடங்களில் என்றால் அடுப்புக்கு மேல் ஒன்று, கட்டில் தலைமாட்டில் ஒன்று. சிமென்ட் தளம் போட்ட வீடு, ஒழுக ஓட்டை கிடையாது, ஆனாலும் சொட்டும். சென்னைக்குச் சொன்ன மழையில் டீசல் வாடை அடிக்கும், நீலகிரிக்குச் சொன்னதில் கை விறைத்துப்போகும். ஒருமுறை ஒடுகத்தூரிலிருந்து வேன் வைத்துக்கொண்டு பார்க்க வந்தார்கள். அன்றைக்கென்று மாநிலம் முழுக்க வறண்ட வானிலை என்று சொல்லிவிட்டதால் டீ குடித்துவிட்டுத் திரும்பிப் போனார்கள்.

இது தொடங்கிய இடம் ஜீவானந்தத்தின் டீக்கடை. கடை ஜீவானந்தத்துடையது, டிவியும் அவனுடையது, ரிமோட் மட்டும் தனசேகரன் கையில். பன்னிரண்டாவது வரை படித்தவன், எதற்கும் ஒரு கருத்து வைத்திருப்பவன் என்பதால் யாரும் அதைக் கேட்டு வாங்கியதில்லை. பெட்ரோல் விலை ஏறினால் "அதான பாத்தேன்" என்பான். வடக்கே எங்கோ வெள்ளத்தில் இருநூறு பேர் போனார்கள் என்றால் "அடப்பாவமே" என்பான், அதே மூச்சில் இன்னொரு போண்டா கேட்பான். கெட்டவன் கிடையாது. நாமெல்லாம் செய்தி பார்க்கிற லட்சணம் இதுதான், அவன் கொஞ்சம் சத்தமாகப் பார்த்தான், அவ்வளவே.

அந்தக் கார்த்திகை மாதம் ஒரு சாயந்திரம், ஏதோ வெளிநாட்டில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. கடைசி ஓவர், பதினோரு ரன் வேண்டும். நடுவில் விளம்பரம் வந்ததால் சேனலை மாற்றினான். அங்கே ஒரு பெண் வரைபடத்தின் முன்னால் நின்று திருவண்ணாமலை, வேலூர் மாவட்ட மலைப்பகுதிகளில் மிகக் கனமழை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் முடிப்பதற்குள் மேட்சுக்கு மாற்றிவிட்டான். அந்த நேரம் பார்த்துக் கெங்கம்மாள் கடைக்குள் வந்தாள். புருஷன் இல்லாதவள், ஒன்றரை ஏக்கரில் சாமை போடுகிறவள், வீட்டில் டிவி இல்லை. அறுத்த சாமையைப் பாறைக் களத்தில் போராக அடுக்கி வைத்திருந்தாள். "தனசேகரா, மழ கிழ சொன்னாங்களாடா?" என்று கேட்டாள். டிவியில் அந்த ஓவரின் முதல் பந்தைப் போட ஒருவன் ஓடிவந்துகொண்டிருந்தான். தலையைத் திருப்பாமலே, "ஒண்ணும் இல்ல பெரிம்மா, வெயிலுதான். போய்ட்டு வா" என்றான்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. வயலில் முதலில் அறுத்த கட்டுதான் அடுத்த வருஷத்துக்கு விதை. அதைக் களத்தில் முதலில் வைத்து, அதன் மேல்தான் போர் போடுவார்கள். போரைப் பிரித்து அடிக்கிற நாள் வரை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். கெங்கம்மாளின் விதை அவள் மாமியார் வழியில் வந்தது. குட்டைக் கதிர், கொஞ்சம் கறுத்த மணி, சோறு ஆறினாலும் விறைக்காது. வேறு யாரிடமும் அந்த விதை இல்லை. மழை மூன்று நாள் விடாமல் அடித்தது. பாறையில் தண்ணீர் நின்று, மேலே போட்ட தார்ப்பாயால் ஒரு பிரயோசனமும் இல்லாமல், அடியில் இருந்த விதைக்கட்டிலிருந்தே போர் முளைத்துவிட்டது. நாலாம் நாள் வெயிலில் அது பச்சைப் பசேல் என்று நின்றதைப் பார்க்க அழகாகத்தான் இருந்தது. கெங்கம்மாள் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு முளையைக் கிள்ளிக் கிள்ளிப் போட்டாள். விசாரிக்க வந்தவர்களிடம், "டிவிக்காரங்க பொய் சொல்லிட்டாங்க. தனசேகரன் இன்னா பண்ணுவான், கேட்டத சொன்னான்" என்றாள். கூட்டத்தில் தனசேகரனும் நின்றிருந்தான், வாயைத் திறக்கவில்லை. மறுநாள் நாகப்பட்டினத்துக்குச் சொன்ன மழை அவன் வீட்டில் பெய்தது.

அவன் மனைவி அன்பரசி, "இன்னாய்யா பண்ண நீ? யாரு வயித்தெரிச்சல கொட்டிக்கின?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றான். சந்தவாசலில் மச்சான் வீட்டுக்குக் குடும்பத்தோடு போய் இருந்து பார்த்தான். மழை விலாசம் விசாரிக்காமல் அங்கேயும் வந்தது, மச்சான் ஆறாம் நாள் மரியாதையாக பஸ் ஏற்றிவிட்டார். டீக்கடைக்குப் போவதை விட்டான். கடையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதனால் நஷ்டமில்லை. வெளிநாட்டில் மேட்ச் மழையால் நிற்குமா என்று தெரிய அவன் வீட்டை எட்டிப் பார்த்தால் போதும் என்று வைத்துக்கொண்டார்கள். அவன் வீட்டில் உட்கார்ந்து அதையே நினைத்துக்கொண்டிருந்தான். ஒரு வார்த்தை, அதுவும் யோசித்துச் சொன்ன பொய்கூட இல்லை, தலையைத் திருப்பச் சோம்பல் பட்டுச் சொன்னது. அந்த மேட்சில் ஜெயித்தது யார் என்பதே அவனுக்கு மறந்துவிட்டது.

கோடையில் ஊரில் குழாயில் தண்ணீர் வராத நாட்களில் கெங்கம்மாள் இரண்டு குடத்தோடு அவன் வீட்டுக்கு வருவாள். போன சித்திரையில் அப்படித்தான், புதுக்கோட்டை மழை நன்றாகக் கொட்டிக்கொண்டிருந்தது. குடத்தை வைத்தபடி, "உன் நல்ல மனசுக்குத்தான்டா மழ வூடு தேடி வருது" என்றாள். அதற்கு மேல் அவனால் முடியவில்லை. மேட்ச் நடந்த அன்று அறிக்கை வந்தது, தான் கேட்டது, மாற்றியது, பொய் சொன்னது எல்லாவற்றையும் நனைந்துகொண்டே சொல்லி அழுதான்.

குடம் நிறைந்ததும் கெங்கம்மாள் அதை ஓரமாக எடுத்து வைத்தாள். பிறகு, "எனக்குக் காது நல்லாத்தான் கீது. மலையில மழன்னு அந்தப் பொண்ணு சொல்லச் சொல்லத்தான் உள்ள வந்தேன்" என்றாள்.

"கேட்டியா? அப்புறம் ஏன் பெரிம்மா என்னாண்ட கேட்ட?"

"அவ யாரோ எவளோ. நீ நம்ம புள்ள. நீ இல்லன்ன, நான் வூட்டுக்குப் போய்ட்டேன்."

அதைச் சொல்லிவிட்டுக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். உண்மையைச் சொன்னால் மழை நின்றுவிடும் என்று தனசேகரன் நம்பினான், அன்பரசியும் நம்பி மெத்தையை வெயிலில் போட்டாள். காய்ந்ததை உள்ளே விரித்த அன்றே கன்னியாகுமரி மழை வந்து நனைத்தது.

இந்தக் கார்த்திகையில் கெங்கம்மாள் வேறு யாரிடமோ விதை வாங்கிப் போட்ட சாமை களத்துக்கு வந்தது. அவள் தனசேகரன் வாசலில் வந்து நின்று, "மழ சொன்னாங்களாடா?" என்று கேட்டாள். வேறு வார்த்தை இல்லை. அவன் எழுந்து கடைக்குப் போய், நாலு வருஷத்துக்குப் பிறகு ரிமோட்டைக் கையில் எடுத்து, விறுவிறுப்பாகப் போய்க்கொண்டிருந்த மேட்சை மாற்றினான். கடையில் கூச்சல். அறிக்கையைக் கடைசி மாவட்டம் வரை நின்று கேட்டான். திரும்பி வந்து அவள் முகத்தைப் பார்த்து, "நாளன்னிக்கு நம்ம மலைக்குச் சொல்றாங்க பெரிம்மா. நாளைக்கே அடிச்சிடலாம், நானும் வர்றேன்" என்றான். மறுநாள் பொழுது சாய்வதற்குள் அடித்துத் தூற்றி, விதைக்கட்டை அவனே சுமந்து வந்து அவள் வீட்டில் வைத்தான்.

புதுச் சாமையில் சோறு பொங்கி அவனுக்கு ஒரு கிண்ணம் கொண்டுவந்தாள். திருநெல்வேலிக்கு ஓரிரு இடங்களில் லேசான மழை என்று சொல்லியிருந்தார்கள். கிண்ணத்தில் விழாமல் சுவரோரம் நகர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டான்.

"பழைய ருசி இல்ல, இல்லடா?" என்றாள்.

"அந்த ருசி இல்ல பெரிம்மா" என்றான்.

அன்பரசி கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு, சொட்டுகிற இடத்தில் குண்டானை வைத்தாள்.