தேறும்வரை ஜெபம்

ரத்தம் சோதிக்கும் மெஷினில் காலையில் முதலில் நோயாளியின் ரத்தத்தை வைக்கக் கூடாது. அளவு முன்பே தெரிந்த ஒரு மாதிரியை வைக்க வேண்டும். அதன் பெயர் கன்ட்ரோல். மெஷின் அதைச் சரியாகச் சொன்னால் மற்றதையும் சரியாகச் சொல்லும் என்று நம்பலாம். தவறாகச் சொன்னால் பழுதைச் சரிசெய்த பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். கல்லூரியில் முதல் வாரமே சொல்லித்தருகிற பாடம் இது.

எங்கள் ஆய்வகத்தில் கன்ட்ரோல் தவறினால் அதன் குப்பியைக் குலுக்கி மறுபடி வைப்பார்கள். அதுவும் தவறினால் மறுபடியும். எப்போதாவது ஒருமுறை எண் எல்லைக்குள் வந்து விழும். அதை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிட்டு, நோயாளிகளின் ரத்தம் இருக்கும் குழாய்களை அடுக்கத் தொடங்குவார்கள். இதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ஜெபம்.

பெயர் வைத்தவன் ரேடியோ. எங்களோடு வேலை செய்கிற டெக்னீஷியன். வாய் மூடாததால் அவனுக்கு அந்தப் பட்டம். நான் சாப்பிடும் முன் கண்ணை மூடி ஜெபிப்பதை ஒருநாள் பார்த்துவிட்டான். அன்றிலிருந்து, "மெஷினுக்கு ஒரு ஜெபத்தைப் போடு" என்பது ஆய்வகத்தின் நகைச்சுவை ஆகிவிட்டது. தினமும் சொல்வான். தினமும் சிரிப்பார்கள். ஒரே நகைச்சுவைக்கு தினமும் சிரிக்கக்கூடியவர்கள் எதையும் செய்யக்கூடியவர்கள்.

நாணயத்தைச் சுண்டிக்கொண்டே இருந்தால் எப்படியும் ஒருமுறை பூ விழும். அதற்குக் கடவுளைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான்கு பேர் முன்னால் எனக்குப் பேச வராது. மனதுக்குள் நன்றாகப் பேசுவேன்.

அந்த வாரம் என் தற்காலிக வேலை முடிகிறது. நிரந்தரமாக்குவதும் வீட்டுக்கு அனுப்புவதும் ஆய்வகப் பொறுப்பாளர் கையில். வீட்டில் சம்பளம் வாங்குகிற ஒரே ஆள் நான். அம்மா எனக்காக உபவாசம் இருந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை பொட்டாசியம் கன்ட்ரோல் குறைவாக வந்தது. பொட்டாசியம் ரத்தத்தில் மிகவும் கூடினால் இதயம் நின்றுவிடும். கூடியதைக் குறைத்துக் காட்டுகிற மெஷின், ஆபத்தில் இருப்பவரை 'ஒன்றுமில்லை, போய் வா' என்று அனுப்பிவைக்கும். சிறுநீரக வார்டின் குழாய்கள் ஏற்கனவே வந்து காத்திருந்தன.

"அக்கா, கன்ட்ரோல் வரல" என்றேன். அக்கா எங்களில் மூத்தவள்.

"குலுக்கிட்டு வை."

"வச்சுப் பாத்துட்டேன்க்கா. பொட்டாசியம் அளக்கிற எலக்ட்ரோடு தேஞ்சுபோச்சு. மாத்தணும்."

"ஒரு தடவை வச்சா போதுமா?" என்றான் ரேடியோ. "அடிமேல் அடிச்சாத்தான் அம்மி நகரும். நீ முழங்கால் போடும்மா, நாங்க ஆமென் சொல்றோம்."

அக்கா சிரித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். "மாத்தினா மதியம் ஆயிடும். வார்டுக்காரங்க போன்ல கத்துவாங்க. நீ வாங்கிக் கட்டிக்கிறியா?"

குப்பியை மெஷினில் வைக்காமல் கையிலேயே பிடித்துக்கொண்டேன்.

"ஏண்டி, நாங்கல்லாம் வேலை தெரியாதவங்களா? எத்தனை வருஷமா ஓட்டறோம். யாராவது செத்தாங்களா?"

செத்தவர்கள் ஆய்வகத்துக்கு வந்து புகார் கொடுப்பதில்லை. இதை மனதுக்குள் சொன்னேன். வெளியே, "நான் வைக்க மாட்டேன்க்கா" என்று மட்டும் வந்தது.

அதற்குள் சார் வந்துவிட்டார். சார்தான் பொறுப்பாளர். திங்கள் முதல் சனி வரை சார். ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஆலயத்தின் பாடகர் குழுத் தலைவர், பிரதர். இந்த வேலைக்கு என்னைச் சிபாரிசு செய்தவரும் அவர்தான். அதைக் கடவுள் செய்த நன்மையாக ஆலயத்தில் எல்லார் முன்னும் சாட்சி சொல்லச் சொன்னார். எனக்குப் பேச வராததால் அவரே எனக்காகச் சொல்லி, அவரே நெகிழ்ந்தார். உலகத்தார் நடக்கிறபடி நாம் நடக்கக் கூடாது என்று போன ஞாயிறுகூட மைக்கைப் பிடித்துக்கொண்டு கண்கலங்கினார். நல்ல மைக். மூக்கு உறிஞ்சியது கடைசி வரிசை வரை கேட்டது.

"என்ன சிஸ்டர், என்ன பிரச்சினை?" என்றார்.

ஆலயத்தில் கூப்பிடுவதுபோல ஆய்வகத்திலும் அவர் என்னை சிஸ்டர் என்றது அதுவே முதல் முறை. காரியம் ஆக வேண்டுமென்றால் கழுதைக் காலையும் பிடிப்பார்கள். அன்றைய கழுதை நான்.

"கன்ட்ரோல் வரல சார்."

"வரும், வரும்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எல்லாரோடயும் சமாதானமா இருக்கிறதுதான்மா நம்ம சாட்சி. நீ இப்படி முரண்டு பிடிச்சா, விசுவாசிங்கன்னாலே தலைக்கனம்னு இவங்க நினைக்க மாட்டாங்களா?"

"ஏற்கனவே நினைக்கிறோம் சார்" என்றான் ரேடியோ.

"பாத்தியா?" என்றார் சார், தனக்கு சாட்சி கிடைத்ததுபோல. "வெள்ளிக்கிழமை உன்னைப் பத்தி மேல சொல்லணும். ஒத்துப்போற பொண்ணுன்னு சொல்லத்தான் எனக்கு ஆசை."

மூன்று பேரும் என்னையே பார்த்தார்கள். உள்ளுக்குள் ஜெபித்தேன். பதில் எதுவும் வரவில்லை. கடவுள் அவசரப்படுகிறவர் இல்லை.

"நான் வைக்க மாட்டேன் சார்" என்றேன்.

"தள்ளு" என்று அக்கா குப்பியை என் கையிலிருந்து பிடுங்கினாள். குலுக்கி வைத்தாள். தவறியது. மறுபடி வைத்தாள். ரேடியோ கிரிக்கெட் வர்ணனைபோல ஒவ்வொரு முறையும் அறிவித்தான். சார் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். பார்க்காமல் இருந்தால் பாவம் ஒட்டாது என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்க வேண்டும். கடைசியில் எண் எல்லையின் ஓரத்தில் வந்து விழுந்தது.

"கேட்டுட்டாரு!" என்று ரேடியோ கைதட்டினான்.

"ஸ்தோத்திரம்" என்றார் சார். விளையாட்டாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று தெரியவில்லை. அவருக்கும் தெரிந்திருக்காது.

அக்கா சிறுநீரக வார்டின் முதல் குழாயை எடுத்தாள்.

எனக்கு போனில் பேசுவது ஆகாது. வீட்டுச் சொந்தக்காரரிடம் பேசக்கூட அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். நடந்துபோய் ஆய்வகத்து போனை எடுத்து வார்டு எண்ணை அழுத்தினேன். விரல் வழுக்கி முதலில் தவறான எண்ணுக்குப் போனது. வைத்துவிட்டு மறுபடி அழுத்தினேன்.

"லேப்ல இருந்து பேசறேன். இன்னைக்கு எங்க மெஷின்ல பொட்டாசியம் சரியில்ல. எந்த நம்பர் வந்தாலும் நம்பாதீங்க."

"என்னம்மா? காதுலயே விழல, சத்தமா பேசு" என்றார் நர்ஸ்.

சத்தமாகச் சொன்னேன். நான் நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அக்கா குழாயோடு அப்படியே நின்றாள். சார் ஜன்னலை விட்டுவிட்டார்.

"என்ன பண்ற நீ? வை போனை!" என்றாள் அக்கா.

அதற்குள் நர்ஸ் கேட்டார். "அப்ப நேத்து அனுப்பினீங்களே, அதெல்லாம் சரியா?"

போனை சாரிடம் நீட்டினேன்.

அவர் அதைத் தேளை வாங்குவதுபோல வாங்கினார். பேசத் தொடங்கியதும் குரலில் ஞாயிற்றுக்கிழமைத் தேன் இறங்கியது. "ஒண்ணுமில்லைங்க, சின்ன விஷயம்தான். எலக்ட்ரோடு மாத்திட்டிருக்கோம். ஆமா, இப்பவே. நேத்து வந்ததையும் இன்னொரு தடவை ஓட்டிடறோம்." வாயால் சொல்லிவிட்டார், இனி செய்தாக வேண்டும். போனை வைத்தபோது தேன் வற்றியிருந்தது. "மாத்துங்க" என்றார், எங்கள் யாரையும் பார்க்காமல்.

நானே மாற்றினேன். மதியம் கன்ட்ரோல் முதல் முறையே சரியாக வந்தது. யாரும் கைதட்டவில்லை. நேற்றைய ரத்தத்தை மறுபடி ஓட்டியதில், சரியென்று அனுப்பியிருந்த இரண்டு பேருக்குப் பொட்டாசியம் கூடியிருந்தது. வார்டுக்குச் சொன்னோம். சொன்னது சார்தான், தானே கண்டுபிடித்ததுபோலச் சொன்னார். சாப்பாட்டு மேசையில் எனக்கு இடமில்லை என்று நாற்காலிகளில் வைத்திருந்த பைகள் சொல்லின.

வெள்ளிக்கிழமை என்னை அழைத்தார்கள். வேலை நிரந்தரமாகவில்லை, இன்னும் மூன்று மாதம் பார்க்கலாம் என்றார்கள். காரணம், குழுவோடு ஒத்துப்போகும் தன்மை போதாதாம்.

"ஊரோட ஒத்து வாழணும்டி" என்று அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். "வாயே திறக்காத புள்ள. திறந்ததும் திறந்த, இங்கதானா திறப்ப?"

"நீதானேம்மா உபவாசம் இருந்த?"

"வேலை கிடைக்கத்தானே இருந்தேன்!"

ஞாயிற்றுக்கிழமை பிரதர் பாடினார். சுருதி பிசகவில்லை. என்னைக் கண்டதும் கண்ணை மூடிக்கொண்டார். பக்தி என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள்.

திங்கட்கிழமை சோடியம் கன்ட்ரோல் தவறியது. அக்கா குப்பியைக் கையில் எடுத்தாள். குலுக்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஸ்டோருக்குப் போய் கையுறை எடுத்துட்டு வா."

"ரெண்டு பெட்டி இருக்குக்கா."

"அப்ப போய் ஒரு டீ குடிச்சிட்டு வா. மெதுவா வா."

"இப்பதான் குடிச்சேன்க்கா."

ரேடியோ வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். இத்தனை நாள் என் முன்னால் சிரித்துக்கொண்டே செய்ததைச் செய்ய, இப்போது நான் வெளியே போக வேண்டியிருந்தது. ஒரு ஸ்டூலை இழுத்து மெஷினுக்கு எதிரில் போட்டு உட்கார்ந்தேன். 

அக்கா குப்பியை மேசையில் ஓசையோடு வைத்தாள்.

"புது எலக்ட்ரோடு எங்கடி இருக்கு?"

அந்தக் குரலில் என்மேல் அன்பு துளியும் இல்லை. எடுத்துக் கொடுத்தேன்.