படைவீரர் அல்லது வாரிசு: ஓர் இடம்

1

இந்தக் கதை எனக்குச் சொந்தமில்லை. மின்கம்பி அறுந்து ரயில்கள் எல்லாம் நின்றுபோன ஒரு மத்தியானம், சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சசிரேகா எனக்குச் சொன்னது. வாய் 'உம்' கொட்டிக்கொண்டிருக்க, என் மனசு அப்போதே முதல் வரியைத் தேடப் போய்விட்டது. அதை அவர் கண்டுபிடித்துவிட்டார்.

"எழுதப் போறீங்களா?"

"எழுதலாமா?"

"எழுதிக்கோங்க. எங்க அப்பாவ மட்டும் ரொம்ப நல்லவரா ஆக்கிடாதீங்க. அவரு நல்லவருதான். ஆனா கதையில வர்ற மாதிரி நல்லவரு இல்ல."

(சசிரேகாவுக்கு இப்போது ஐம்பது வயதுக்கு மேல். கதைக்குள் பதினேழு. அதனால் இனி 'அவள்' என்றுதான் எழுதப்போகிறேன். அம்மா, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

1991 ஜூலையில் ஒரு காலை, ஒரகடம் மேம்பாலத்துக்குக் கீழே கம்பெனி பஸ்கள் வரிசையாக

அடித்துவிட்டேன். 1991-ல் அங்கே மேம்பாலம் ஏது? நெல் வயலும் கடலைக் கொல்லையும்தான். ஆனாலும் அந்த இடத்தை நினைத்தாலே கண்ணுக்குள் கண்ணாடிக் கட்டடங்கள் எழுந்துவிடுகின்றன. ஒரு வயலை வரைவதற்குள் அதன் மேல் இரண்டு ஷிப்ட் முடிந்துவிடுகிறது.

அடுத்தது:

ஜீவானந்தம் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தபோது அவருடைய மீசை

வேண்டாம். மீசையில் தொடங்கினால் கதை மீசையை விட்டு வெளியே வராது.

மூன்றாவது நிலைத்தது: ஜீவானந்தம் வீடு திரும்பிய நாளிலிருந்து, யாராவது தமிழ் பேசினால் அரை நொடி தாமதித்துத்தான் பதில் சொன்னார்.

"சோறு ஆயிடுச்சு, வாங்க" என்பாள் மனைவி அம்சவல்லி. அவர் அவளையே பார்த்துக்கொண்டிருப்பார். பிறகுதான் எழுந்து வருவார்.

"காது மந்தமாயிடுச்சா இன்னா?" என்று அவள் மகளிடம் கேட்டாள்.

காது மந்தமாகவில்லை. சசிரேகா கொல்லையில் கொலுசில்லாமல் நடந்தாலும் திரும்பிப் பார்ப்பார். வார்த்தைகள் மட்டும்தான் அவரிடம் எங்கோ சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தன.

3

அந்த வருஷம் சசிரேகா பிளஸ் டூ முடித்திருந்தாள். இயற்பியல் படிக்க ஆசை. மதிப்பெண் மோசமில்லை, ஆனால் நிச்சயமாக இடம் கிடைக்கும் என்று சொல்லவும் முடியாது. பஸ்ஸேறிப் போகிற தூரத்தில் இருந்த ஒரு கல்லூரியில், முன்னாள் படைவீரருக்கோ அவருடைய பிள்ளைகளுக்கோ என்று ஓர் இடம் ஒதுக்கியிருந்தார்கள். எல்லாப் பாடத்துக்கும் சேர்த்து ஒரே ஓர் இடம். அப்பாதான் காஞ்சிபுரம் போய்ச் சான்றிதழ் வாங்கி வந்து கொடுத்தார். நேர்காணலுக்கும் தானே கூட்டிப்போவதாகச் சொன்னார். இஸ்திரி போட்ட சட்டையும் பாலிஷ் போட்ட ஷூவுமாக அவர் புறப்பட்டதைப் பார்த்து அம்சவல்லி சிரித்தாள்.

"பொண்ணு பாக்கவா போறீங்க?"

அவர் அரை நொடி கழித்துச் சிரித்தார்.

பஸ் ஏரிக்கரையோரமாகப் போனது. ஏரி வற்றிக் கிடந்தது. ஆனால் அந்தக் காலை வேளையிலேயே கானல் எழுந்து, தூரத்து ஆடுகள் முழங்கால் தண்ணீரில் நிற்பதுபோலத் தெரிந்தன. சசிரேகா ஜன்னலில் தலை சாய்த்து, அந்தப் பொய்த் தண்ணீரின் ஆழத்தைக் கணக்கிட்டுக்கொண்டே தூங்கிப்போனாள். விழித்தபோது பஸ் நின்றிருந்தது. மே மாதம் ஸ்ரீபெரும்புதூரில் குண்டு வெடித்ததிலிருந்து அந்தப் பக்கத்து ரோடெல்லாம் போலீஸ். ஒரு காவலர் அப்பாவின் பையைத் திறந்து பார்த்தார்.

"பட்டாளமா? கடைசியா எங்க இருந்தீங்க?"

"யாழ்ப்பாணம்."

காவலர் பையை மூடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு கொடுத்துவிட்டார். பஸ்ஸில் இருந்த எல்லோரும் ஜீவானந்தத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஏரியைப் பார்த்தார்.

4

கல்லூரி முதல்வர் அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். கடைநிலை ஊழியர் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டார்.

"படைவீரர் கோட்டா. சசிரேகா. ஜீவானந்தம்."

சசிரேகா எழுந்தாள். "அப்பாவ எதுக்குக் கூப்பிடறாங்க?"

"நானும் போட்டுக்கீறேன்" என்றார் அப்பா.

"இன்னா போட்டுக்கீற?"

"அப்ளிகேஷன். தமிழ் இலக்கியம்."

உள்ளே முதல்வர் இரண்டு விண்ணப்பங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்பாவும் பட்டாளத்திலேயே பிளஸ் டூ எழுதித் தேறியிருந்தார். வயதுக்குச் சலுகை உண்டு. இரண்டு விண்ணப்பமும் சரிதான்.

"மிஸ்டர் ஜீவானந்தம், இது தெரிஞ்சுதான் போட்டீங்களா?"

"தெரிஞ்சுதான் சார்."

"சட்டப்படி உங்களுக்குத்தான் முன்னுரிமை. நீங்க வேணாம்னா பாப்பாவுக்கு. பாப்பா பேரு பொதுப் பட்டியல்ல காத்திருப்புலயும் இருக்கு, ஆனா அத நம்ப முடியாது. சாப்பாட்டுக்கு அப்புறம் வந்து முடிவு சொல்லுங்க."

[இந்த இடத்தில் ஜீவானந்தம் என் கையை விட்டு நழுவிவிட்டார். பெற்ற மகளோடு போட்டி போடுகிற அப்பனை வாசகர்கள் மன்னிப்பார்களா? விண்ணப்பத்தை அவர் தெரியாமல் அனுப்பியதாக, யாரோ நண்பர் விளையாட்டாக அனுப்பியதாக எல்லாம் மாற்றிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவர் பாலிஷ் போட்ட ஷூவோடு வந்து நின்று, 'தெரிஞ்சுதான் சார்' என்றார்.]

சைக்கிள் ஸ்டாண்டு நிழலில் அம்சவல்லி கட்டிக்கொடுத்த புளிச்சோறு பிரிக்கப்படாமல் இருந்தது.

"ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா வுட்டுக் குடுத்துடுவேன்னு பயம்."

"நீயா, நானா?"

"நான்தான்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வரிசை வரிசையாக நின்ற சைக்கிள்களைப் பார்த்தபடி அவர் பேச ஆரம்பித்தார். அவர் அவ்வளவு பேசி அவள் கேட்டதே இல்லை.

அவர் சிக்னல்ஸ் பிரிவு. யாழ்ப்பாணத்தில் அமைதிப்படையோடு இருந்தபோது, தமிழ் தெரிந்தவர் என்பதால் காதில் ஹெட்போனை மாட்டி உட்கார வைத்துவிட்டார்கள். எதிர்ப்பக்கம் வயர்லெஸ்ஸில் பேசுவதையெல்லாம் கேட்டு, இந்தியில் எழுதிக் கொடுக்க வேண்டும். இரண்டு பெண் குரல்கள் அடிக்கடி வரும். ஒருத்தி ஒருநாள், 'ஒடியல் கூழுக்கு எவ்வளவு புளி விடுறது?' என்று கேட்டாள்; பனங்கிழங்கு மாவில் காய்ச்சுகிற கூழ் அது. மற்றவள் சொன்னாள். அதிகாரி விடவில்லை. கூழ் என்றால் என்ன? புளி என்றால் என்ன? எந்த ஊருக்குச் சங்கேதம்?

"மாசக்கணக்கா அதையே யோசிச்சோம். அது வெறும் கூழா, வேற எதனாவான்னு இன்னிக்கும் எனக்குத் தெரியாது. அந்தக் கொரலும் அப்பறம் வரல."

"அதுக்கு?"

"ஒங்கம்மா சோறு ஆயிடுச்சுன்னு சொன்னா, சோறுன்னா இன்னான்னு மண்டைக்குள்ள ஒருத்தன் கேக்கறான். நீ அப்பான்னு கூப்புட்டா, யாரு பேசறா, எங்கேர்ந்து பேசறான்னு கேக்கறான். எனக்கு ஒரு வார்த்தைய வெறும் வார்த்தையா கேக்கணும், சசி. யாருனா ஒக்கார வச்சி மொதல்லேர்ந்து சொல்லிக் குடுத்தா வரும்னு தோணுது."

அவள் பொட்டலத்தைத் தள்ளி வைத்தாள். பிறகு அழுதுகொண்டே சொன்னாள்:

"இதக் கேட்டுட்டு நான் வேணாம்னு சொல்லுவேன்னு நெனக்கிறியா? எனக்கும் வேணும்ப்பா. எனக்கும் இது ஒண்ணுதான் கீது."

"தெரியும்மா."

"நீ பெரியவன். நீதான் வுட்டுக் குடுக்கணும்."

"தெரியும்" என்றார் மறுபடி.

5

முடிவு ஒன்று: முதல்வர் அறைக்குள் நுழைந்ததும் அப்பா, 'என் மகளுக்கே கொடுங்கள்' என்கிறார். மகள் தேம்புகிறாள். முதல்வரின் கண்ணாடி மறுபடியும்

முடிவு இரண்டு: மகள் முந்திக்கொண்டு, 'அப்பா படிக்கட்டும் சார்' என்கிறாள். அப்பா தேம்புகிறார். முதல்வரின்

இரண்டையும் முழுசாகவே எழுதினேன். படிக்க நன்றாகத்தான் இருந்தன. இரண்டாவதை நானே இரண்டு தடவை படித்தேன். ஆனால் சசிரேகா அப்படிச் சொல்லவில்லை.

"அவரு வுட்டுக் குடுக்கல" என்றார், வராத ரயிலைப் பார்த்துக்கொண்டே. "உள்ள போனோம். 'எனக்கு வேணும் சார்'னாரு. அவ்ளோதான். கையெழுத்துப் போட்டுட்டு வந்துட்டோம்."

புளிச்சோற்றுப் பொட்டலம் பிரிக்காமலே வீடு வந்து சேர்ந்தது. அம்சவல்லி விஷயம் தெரிந்ததும் கரண்டியைக் கீழே போட்டாள். "நீங்க ஒரு அப்பனா?" என்றாள். அதற்கு மட்டும் அவர் உடனே பதில் சொன்னார்: "தெரியல."

சசிரேகா அவரோடு பேசுவதை நிறுத்தினாள். ஒரே வீட்டில், ஒரே குடத்துத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு, கனவில் நடப்பவர்கள் மாதிரி ஒருவரை ஒருவர் தொடாமல் கடந்து போனார்கள். விடியற்காலையில் அவர் பையோடு பஸ்ஸுக்குப் போவார். அவள் கண்ணை மூடிப் படுத்துக்கொண்டு, ஷூ சத்தம் தெருமுனை திரும்புகிறவரை கேட்பாள். முதல் நாள் அவர் வகுப்புக்குள் நுழைந்ததும் வாத்தியார் என்று நினைத்துப் பையன்கள் எல்லாம் எழுந்து நின்றார்களாம். அவர் அம்சவல்லியிடம் சொல்லிக்கொண்டிருந்தது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது. அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டோமே என்று கோபமும் வந்தது.

6

ஆகஸ்டில் ஒருநாள், காத்திருப்போர் பட்டியலில் யார் யாருக்கு இடம் என்று கல்லூரிப் பலகையில் ஒட்டுவதாகச் சேதி வந்தது. சசிரேகா அப்பா போகிற அதே பஸ்ஸில் போனாள். அவர் முன்னால், அவள் பின்னால். ராத்திரி மழை பெய்து, ஏரியில் நிஜமாகவே கொஞ்சம் தண்ணீர் நின்றது.

கல்லூரி வாசலில் அவர் நின்று திரும்பினார். "கூட வரட்டுமா?"

அவள் தலையசைத்தாள், வேண்டாம் என்று. அவர் வகுப்புக்குப் போனார்.

பலகையைச் சுற்றிக் கூட்டம். அவள் காத்திருந்தாள். பக்கத்து ஜன்னலிலிருந்து யாரோ பாடம் வாசிக்கிற சத்தம் வந்தது. மழையைப் பற்றிய ஏதோ ஒரு பத்தி. வாசிக்கிறவர் ஒவ்வொரு வார்த்தையாக, தெரியாத ஆற்றில் கால் வைக்கிறவர் மாதிரி, அழுத்திப் பார்த்து அழுத்திப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். ஆசிரியர், "போதும், உக்காருங்க" என்றார். குரல் நிற்கவில்லை. அடுத்த வரிக்குப் போனது. அதற்கடுத்த வரியில் வேகம் வந்தது. சிரிப்பு அடங்கியது. அது அப்பாவின் குரல். அதில் இப்போது அந்த அரை நொடி இல்லை.

பலகை முன் கூட்டம் விலகி வழி விட்டது. அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றிருந்தாள்.

பலகையில் என்ன இருந்தது என்று சசிரேகா என்னிடம் சொல்லவில்லை என்று நான் பொய் சொல்லலாம். சொன்னார். ஆனால் அதை எழுதினால், அவள் தோளைத் தொட்டுப் பலகைப் பக்கம் திருப்ப வேண்டியிருக்கும். என்னால் முடியவில்லை. அவசரம் என்றால், இதோ பலகை வரை வழி இருக்கிறது, நீங்கள் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள். சத்தம் போடாமல் போங்கள். அவர் இன்னும் வாசித்துக்கொண்டிருக்கிறார்.