கமலாம்பிகைக்குக் கிடைத்த அரைமணி

தாய் செத்துப்போன துக்கத்தை விட, தகப்பன் பேசப் போகிறாரே என்ற பயம்தான் வசந்தமலருக்குப் பெரிதாக இருந்தது. பாவம், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. சபாரத்தினத்தாரின் கையில் மைக் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

சபாரத்தினத்தார் வெள்ளைக்காரன் காலத்துப் பிரக்கிராசி. கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு யாழ்ப்பாணக் கோட்டில் ஒரு வேலிச் சண்டையைப் பதினொரு வருடம் இழுத்தவர். வேலி உக்கி விழுந்துபோனது, வழக்கு விழவில்லை. 'இந்த மனிசனைக் கொழும்புக்கு அனுப்பினால்தான் எங்களுக்கு விமோசனம்' என்று வழக்காடிய அண்ணன் தம்பி இருவரும் ஒன்றுசேர்ந்து ஊரைத் திரட்டி, அவரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பி வைத்ததாகக் கதை. அங்கேயும் பேசினார். அவர் எழும்பினால் மற்ற உறுப்பினர்கள் தேத்தண்ணி குடிக்கப் போனார்கள். அடுத்த தேர்தலில் கட்டுக்காசும் போனது. எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு, பெண்சாதியையும் பேச்சையும் கூட்டிக்கொண்டு லண்டன் நோர்பரியில் மகள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

எண்பத்தெட்டில் கமலாம்பிகை கண்ணை மூடினார். ஊரில் என்றால் வாய்க்கரிசியை வீட்டிலேயே போடுவார்கள். மகளின் மாடி வீட்டு ஒடுங்கிய படியில் பெட்டி ஏறாது. ஆகவே எல்லாம் பிணம் எரிக்கிற கிறிமற்றோறியத்தில்தான், அதுவும் அரைமணிக்குள். தேவாரம், வாய்க்கரிசி, பெட்டி மூடல், திரை. அடுத்த பிணம் வாசலில் வந்து நிற்கும். தாயின் வாயில் தன் கையால் நாலு அரிசி போடவேண்டும். வசந்தமலருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"அப்பா, ரெண்டு நிமிசம் பேசினால் காணும், என்ன?"

"எனக்கு நேரஞ் சொல்லித்தாறியோ? வெள்ளைக்கார நீதவானே என்னை இருத்தினதில்லை, பிள்ளை!"

தேவாரம் முடிந்தது. சபாரத்தினத்தார் எழும்பி, தொண்டையைச் செருமி, "மதிப்புக்குரிய தலைவர் அவர்களே!" என்று தொடங்கினார். எந்தத் தலைவர்? பெட்டிக்குள் கிடந்த கமலாம்பிகையைத் தவிர முன்னுக்கு ஒரு குருவியும் இல்லை.

வேலி வழக்கு வந்தது. கொழும்பு வந்தது. ஊருக்கு அவர் கேட்டு வாங்கிய தபாற்கந்தோர் வந்தது. கமலாம்பிகை மட்டும் வரவில்லை. தேர்தல் முடியும் வரைக்கும் வந்தவன் போனவனுக்கெல்லாம் சமைத்துப் போட்டு, அடுப்புப் புகையில் கண் சிவந்து நின்ற மனுஷி! அவரைப் பற்றி ஒரு சொல் சொன்னால் வாயா வலித்துவிடும்?

கிறிமற்றோறிய வெள்ளைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார். வசந்தமலருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அரிசிக் கிண்ணத்தைத் தூக்கிக்கொண்டு எழும்பினாள். தகப்பனின் முகத்துக்குக் குறுக்கே நடந்துபோய், தாயின் வாயில் அரிசி போட்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். அவளுக்குப் பின்னால், தகப்பனின் தங்கச்சி செல்வமலர் மாமி எழும்பினார். பிறகு சனம் முழுக்க எழும்பி வரிசையில் நின்றது.

கூட்டம் கலைவதைக் கண்ட சபாரத்தினத்தார் குரலை இன்னும் உயர்த்தினார். "வாக்காளப் பெருமக்களே!" என்றார். அரிசி போட வரச்சொல்லி மாமி அவரைக் கையைக் காட்டிக் கூப்பிட்டார். "இதோடு முடித்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, சபாரத்தினத்தார் முடிக்காமல் நின்றார். பெட்டிக்காரர்கள் மூடியைத் தூக்கி வைத்துப் பூட்டினார்கள். பெட்டியை மறைத்துத் திரையும் மூடியது.

வெளியே வந்ததும் மகளைப் பிடித்துக்கொண்டார்.

"ஆர் கூட்டத்தைக் குழப்பினது? மற்றக் கட்சிக்காரரோ?"

"நான்தான் அப்பா. அம்மாவுக்கு வாய்க்கரிசி போட்டனான். எல்லாரும் போட்டவை."

"எல்லாருமோ?"

"ஓம். நீங்கள்தான் போடேல்லை."

சபாரத்தினத்தார் திரும்பிப் பார்த்தார். வாசலால் அடுத்த செத்தவீட்டுச் சனம் உள்ளே போய்க்கொண்டிருந்தது.

"பிள்ளை, பெட்டியை ஒருக்காத் திறக்கச் சொல்லன்" என்றார்.

அவ்வளவு சின்னக் குரலில் அவர் பேசி வசந்தமலர் ஒருநாளும் கேட்டதில்லை. உள்ளே வேறு யாருக்கோ பாட்டுத் தொடங்கிவிட்டது.